அடுக்களை வரை ஒரு ஸ்பீக்கர் வயர்

திருநெல்வேலி டவுன்
9 ஜூன் 2024

அன்புள்ள சித்ராவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் கோமதியும் மாப்பிள்ளையும் நலமாகத்தான் இருப்பீர்கள். மரியாதைக்குக் கேட்டாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பையைத் தூக்கிக்கொண்டு கூடங்குளத்துக்குப் பஸ் ஏறிப் போகிறவளை என்னவென்று சொல்ல? நான் நம் முன்வீட்டுக் கூடத்தில் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அடுக்களையில் விளக்கு அணைந்திருக்கிறது, குழம்பு மூடி வைத்திருக்கிறது, ஆளைக் காணோம். பக்கத்து வீட்டுப் பெருமாள்ராஜ் வந்து, "மதினி ஆட்டோவுல பஸ் ஸ்டாண்டு போனாங்களே அண்ணாச்சி, நீங்க போகலையா?" என்று கேட்கிறான். தெருவுக்கே தெரிகிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். வளைகாப்பு முடிந்ததும் கோமதி இங்கே வருவாள் என்று நடு அறைக்கு நானே நின்று வெள்ளையடித்தேன். அவள் வரமாட்டாள், நீதான் அங்கே போகிறாய் என்று எந்தக் கமிட்டி கூடி முடிவெடுத்தது? என்னிடம் கேட்டால் நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

போய்ச் சேர்ந்ததற்கு ஒரு போன் கூட இல்லை. நானாகக் கூப்பிட்டாலும் உன் பக்கம் லைன் ஒரே கொரகொரப்பு. என்னிடம் இருப்பதோ பட்டன் போன். அதனால்தான், பொதுப்பணித்துறையில் ஆயுசெல்லாம் கோப்பு எழுதிய கையால் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளையிடம் ஒன்று கேட்டுச் சொல். ரிட்டையர் ஆனதும் நான் வாங்கிய ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதே, அதற்கு ஏற்ற வயர் எது என்று எனக்குப் பிடிபடவில்லை. முன்வீட்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறேன். இன்னொரு சின்ன ஜோடி அடுக்களைக்கு. நம் வீடுதான் ரயில் பெட்டி மாதிரி நீளமாயிற்றே, அடுக்களை வரை வயர் போக வேண்டும். இப்போது முன்வீட்டில் கேட்பதே சரியில்லை. தவில் சரி, மிருதங்கம் சரி. பாடுகிற பெண் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு பாடுகிற மாதிரி இருக்கிறது. ஒரு எழுத்து விளங்கவில்லை. ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் ஜெய்சன் வந்து கேட்டுவிட்டு, "எனக்குத் தெளிவாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒங்களுக்குத் திருப்தி இல்லைனா வயர மாத்திப் பாப்போம்" என்கிறான். விற்கிறவன் வேறென்ன சொல்வான்.

கோமதியைக் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்கவில்லை.

சுந்தர்


கூடங்குளம்
13 ஜூன் 2024

அன்புள்ள கோமதி அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. கவரைப் பார்த்துவிட்டு, "அப்பா ஒனக்கு லவ் லெட்டர் போட்டிருக்காவளாம்மா?" என்று உங்கள் மகள் சிரித்தாள். படித்துக் காட்டிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

சொல்லாமலா வந்தேன்? கோமதி அலையக் கூடாது, பஸ்ஸிலோ காரிலோ அவ்வளவு தூரம் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதை உங்களுக்குச் சோறு போட்டபோது சொன்னேன். "ம்" என்றீர்கள். மறுநாளும் சொன்னேன். "பாக்கலாம்" என்றீர்கள். கிளம்புகிற அன்றைக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் பையோடு வந்து நின்று சொன்னேன். நீங்கள் வயரைப் பல்லால் உரித்துக்கொண்டே தலையை ஆட்டினீர்கள். இன்னொன்றும் கேட்டேன். அதற்கும் அதே தலையாட்டல்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது என்னவென்று இனி என் வாயால் சொல்ல மாட்டேன்.

போன் செய்யவில்லையாம். அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். நீங்கள் எடுப்பதே இல்லை. தப்பித் தவறி எடுத்தாலும், "யாரு, யாரு வே? சிக்னல் இல்ல, வையும்" என்று கட் பண்ணிவிடுகிறீர்கள். கட்டினவளை, ஆம்பிளையைக் கூப்பிடுகிற மாதிரி வே என்கிற ஆண்பிள்ளையை இந்த ஜில்லாவிலேயே நான் பார்த்ததில்லை. கோமதி பேசினாலும் இதே கதைதான். அவள் அழுதாள், தெரியுமா?

இது இன்று நேற்றல்ல. ஒன்றிரண்டு வருஷமாகவே இப்படித்தான். நான் ஒன்று கேட்டால் நீங்கள் வேறெதையோ சொல்வீர்கள், இல்லையென்றால் சும்மா இருப்பீர்கள். சுவரிடம் பேசினால் பல்லியாவது பதில் சொல்லும். எனக்கு அலுத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், திரும்பி வரவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை பிறந்த பிறகும் இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.

ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. மாப்பிள்ளை சிவசண்முகம் சொல்வது இது. விலையைப் பார்த்து வயர் வாங்க வேண்டாமாம். உள்ளே சுத்தமான செம்பா என்று மட்டும் பார்த்தால் போதுமாம். சிலதில் அலுமினியத்தின் மேல் செம்பைப் பூசியிருப்பார்களாம், பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியுமாம். முன்வீட்டுக்குச் சாதாரணக் கனமுள்ள வயர் போதும். அடுக்களைக்கு நீளம் அதிகம் என்பதால் கொஞ்சம் தடித்ததாக வேண்டும், இல்லாவிட்டால் சத்தம் வழியிலேயே சோர்ந்துவிடும். முக்கியமாக, ஒரு ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி மாறியிருந்தால் பாட்டு இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்காமல் சிதறிப் போகுமாம். "மாமா பல்லால உரிச்சிருந்தா பிசிறு ஒண்ணோடொண்ணு தொட்டுக்கிட்டு நிக்கும் அத்தை, ஆம்ப்ளிஃபயரே போயிரும்" என்றும் சொன்னார். பல்லும் போய்விடும் என்று நான் சொன்னேன்.

அடுக்களையில் எனக்கு எதற்கு ஸ்பீக்கர்? நான் கேட்டேனா?

சித்ரா


திருநெல்வேலி டவுன்
20 ஜூன் 2024

சித்ராவுக்கு,

மாப்பிள்ளை கெட்டிக்காரர். வலது பக்க ஸ்பீக்கரில் சிவப்பும் கறுப்பும் மாறித்தான் இருந்தன. மாற்றினேன். தவில் இப்போது நெஞ்சில் வந்து அடிக்கிறது. பிசிறெல்லாம் முறுக்கிவிட்டேன். வயரைப் பிளேடால் சுரண்டினேன், அசல் செம்புதான். ஆனால் பாடுகிறவள் மட்டும் இன்னும் போர்வையை விட்டு வெளியே வரவில்லை. ஜெய்சனிடம் அடம்பிடித்து, ஒசத்தியான வெளிநாட்டு வயர் வாங்கி மாட்டினேன். அதிலும் அப்படியேதான். சத்தத்தைக் கூட்டி வைத்தால், பெருமாள்ராஜ் மதில்மேல் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, எங்க வீட்டுச் சட்டி பானையெல்லாம் ஆடுது" என்கிறான். அவனுக்கு எப்போதுமே என் மேல் ஒரு காய்ச்சல்.

நீ சொன்னதாகச் சொல்கிறாய். சத்தியமாக என் காதில் விழவில்லை. நீ இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே பேசுகிறாய் சித்ரா. முன்பெல்லாம் உன் பேச்சு கணீரென்று இருக்கும். இப்போது என்னிடம் பேசவே பிடிக்காத மாதிரி முணுமுணுக்கிறாய். என்ன சொன்னாய் என்று திரும்பக் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால் கேட்பதையே விட்டுவிட்டேன். நீ இல்லாமல் குக்கர் வைத்தேன், பருப்பு அடிப்பிடித்துக் கரியாகிவிட்டது. விசில் கெட்டுப்போயிருக்கிறது, சத்தமே வரவில்லை. போனும் ஒழுங்காக மணியடிக்கவில்லை. வீட்டில் ஒரு சாமானும் சரியில்லை.

எதற்கு அடுக்களையில் ஸ்பீக்கர் என்று கேட்டாயே. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், கேட்டதனால் சொல்கிறேன். நீ வேலை செய்துகொண்டே எதையாவது பாடிக்கொண்டிருப்பாய். நான் முன்வீட்டில் பேப்பர் படிக்கும்போது அது பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். அது நின்று ஒன்றிரண்டு வருஷம் ஆகிறது. என் மேல் உனக்கு என்ன வருத்தமோ, பாடுவதையே நிறுத்திவிட்டாய். கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. அங்கே ஒரு பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தால் நீயும் கூடவே ஆரம்பிப்பாய் என்று நினைத்தேன். அதற்குத்தான் இந்த ஆம்ப்ளிஃபயர், வயர் எல்லாம். வேறொன்றுமில்லை.

திரும்பி வரத் தோன்றவில்லை என்று எழுதிவிட்டாய். சரி.

சுந்தர்


கூடங்குளம்
24 ஜூன் 2024

அன்புள்ள கோமதி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கோமதி வந்து சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

நான் பாடுவதை நிறுத்தவில்லைங்க. ஒரு நாளும் நிறுத்தியதில்லை. தேங்காய் திருவும்போது, மாவு கரைக்கும்போது, கிளம்புகிற அன்றைக்குக் குழம்பைத் தாளிக்கும்போது கூடப் பாடிக்கொண்டுதான் இருந்தேன். இங்கே கோமதி கேலி செய்கிறாள், "அம்மா வந்ததுலேருந்து நம்ம வீட்டுல எஃப்எம் வைக்கவே வேண்டாம்" என்று. நீங்கள்தான் பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தமாட்டீர்கள். என் பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடிதத்தைச் சிவசண்முகத்திடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். பிறகு பைய சொன்னார்: "அத்தை, முன்வீட்டுல இருக்குற நீளத்துக்கு எந்தச் செம்பு வயரும் பொம்பளை குரல மட்டும் தின்னாது. கனத்த சத்தமெல்லாம் நல்லாக் கேக்குதுங்காங்க, மெல்லிசு மட்டும் கேக்கலங்காங்க. மாமாவுக்குக் காதைக் காட்டியாச்சா?"

நம் குக்கர் விசிலுக்கு ஒரு கேடும் இல்லை. போன வாரம் பெருமாள்ராஜ் பெண்டாட்டி எனக்குப் போன் செய்து, உங்கள் வீட்டுக் குக்கர் அரை மணி நேரமாகக் கூவுகிறது, அண்ணாச்சி உள்ளே இருக்கிறாரா என்று பதறினாள். நீங்கள் கோபத்தில் வேண்டுமென்றே கிடக்க விட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள்.

இத்தனை நாளும் நீங்கள் என்னை ஒதுக்குகிறீர்கள் என்று நானும், நான் உங்களை ஒதுக்குகிறேன் என்று நீங்களும் ஒரே வீட்டில் உட்கார்ந்து வெந்துகொண்டிருந்திருக்கிறோம். வயரில் ஒன்றும் இல்லை. ஒருமுறை போய்க் காதைக் காட்டிவிட்டு வாருங்கள். ஆவணி பிறக்கும்போது பிள்ளை பிறந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது மழலை பேசும்போது நீங்கள் சும்மா தலையை ஆட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் சித்ரா


திருநெல்வேலி டவுன்
28 ஜூன் 2024

சித்ராவுக்கு,

குடும்பமே கூடி எனக்குச் செவிடன் பட்டம் கட்டியாயிற்று. சந்தோஷம்.

என் காதுக்கு ஒன்றும் இல்லை. தெருக்கோடியில் லாரி வந்தால் எனக்குத்தான் முதலில் கேட்கும்.

எங்கள் அப்பா கடைசி நாலைந்து வருஷம் எப்படி வேலை பார்த்தார் என்று உனக்குத் தெரியாது, நீ அப்போது வரவில்லை. ஊரில் அவருக்குச் செவிட்டு வாத்தியார் என்றுதான் பெயர். வகுப்பில் பையன்கள் எழுந்து நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைப்பார்கள். அவர் ஏதோ கேள்வி கேட்கிறான் என்று நினைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். நானும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயரைத் துணி போட்டு மூடிவிட்டேன். இனி எழுத வேண்டாம்.

சுந்தர்


கூடங்குளம்
21 ஜூலை 2024

அன்புள்ள கோமதி அப்பாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இருந்து பார்த்தேன், முடியவில்லை. எழுதுகிறேன்.

மாமா வகுப்பில் பட்ட பாட்டை நீங்கள் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. அந்த ஜன்னல் பக்கத்தில் நின்ற பிள்ளையை நினைத்து நான் அழுதேன். உங்களைக் கேலி செய்ய இங்கே யாருக்கும் மனசு வராதுங்க. அப்படி எவனாவது வாயை அசைத்தால் நான் சும்மா விடுவேனா? என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா?

காதைக் காட்டுங்கள் என்று இனி நச்சரிக்க மாட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொல்கிறேன். திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்கிறேன். "ஒண்ணுமில்ல" என்று இனி சொல்லவே மாட்டேன். வரத் தோன்றவில்லை என்று எழுதியது கோபத்தில் எழுதியது. பிள்ளை பிறந்து, கோமதியைத் தேற்றி எழுப்பிவிட்ட மறுநாளே வந்துவிடுவேன்.

கிளம்புகிற அன்றைக்கு இன்னொன்று கேட்டேன் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். எழுத்தில் இருந்தால் உங்களுக்குச் சரியாகப் போய்ச் சேரும். நான் கேட்டது இதுதான்: "நீங்களும் கூட வாங்களேன். நீங்க இல்லாம எனக்கு அங்கன இருப்புக் கொள்ளாது. நாலு சட்டைய எடுத்து வைக்கட்டுமா?"

நீங்கள் தலையாட்டியதும், வருகிறீர்கள் என்று நினைத்து உங்கள் சட்டைகளையும் எடுத்து வைத்தேன். வாசலில் ஆட்டோ நின்றது. நீங்கள் எழுந்திருக்கவில்லை. சட்டைகளை எடுத்துத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

கோமதிக்குக் கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சுகம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் சித்ரா


திருநெல்வேலி டவுன்
26 ஜூலை 2024

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பீரோவைத் திறந்து பார்த்தேன். சட்டைகள் வழக்கமான இடத்தில் இல்லை, உன் சேலைக்கு மேல் கிடந்தன. அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலையில் வண்ணார்பேட்டையில் காது பார்க்கிற இடத்துக்குப் போனேன். தனியாகத்தான் போனேன்.

ஒரு சின்ன கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னாள் அங்கே சோதனை செய்கிற பெண்பிள்ளை. கதவைச் சாத்தினாள். முதலில் கும் கும் என்று கனத்த சத்தங்கள் வந்தன, அமுக்கினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு போல என்று பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். அவள் கதவைத் திறந்தாள்.

"என்ன தாயி, மெஷின் நின்னு போச்சா?" என்றேன்.

"இல்லப்பா. முழுசும் ஓடி முடிஞ்சிருச்சு" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது சித்ரா. மகள் வயசுப் பெண் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தண்ணீர் கொடுத்து, நிதானமாக என் முகத்துக்கு நேரே இருந்து சொன்னாள். எனக்குக் கனத்த சத்தமெல்லாம் நன்றாக இருக்கிறதாம். விசில் மாதிரி மெல்லிய சத்தம்தான் போயிருக்கிறது. முதலில் மங்குவது பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும்தானாம். ஆக, மதிலுக்கு அந்தப் பக்கம் பெருமாள்ராஜ் கத்துவது எனக்குக் கேட்கிறது, பக்கத்தில் நின்று நீ பேசுவது கேட்கவில்லை. இந்தச் சாமிக்கு என்ன ஓரவஞ்சனை பார்.

போட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு கருவி கொடுத்தார்கள். காதுக்குப் பின்னால் இருப்பது வெளியே தெரியவே இல்லை. மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, ஒரு ஆட்டோவை நிறுத்தி, "டவுனுக்குப் போகணும்" என்றேன். தூக்கிவாரிப் போட்டது. யாரோ பக்கத்தில் நின்று அதட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஆட்டோக்காரர் சொல்கிறார், "ஏறுங்க சார், அதுக்கு ஏன் சண்டைக்கு வாரிய?"

அது என் குரல் சித்ரா.

வீடு வரும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை நாளும் உன்னிடம் இப்படியா பேசிக்கொண்டிருந்தேன்? தண்ணீர் கேட்டதும் இப்படித்தானா? குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னதையும் இப்படிக் கத்தித்தான் சொன்னேனா? நடு வீட்டில் உட்கார்ந்து, குரலைக் குறைத்து, "சித்ரா" என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியும் அதட்டுகிற மாதிரிதான் இருந்தது. இன்னும் குறைத்துச் சொன்னேன். அப்புறம்தான் ஒரு வழிக்கு வந்தது. நீ ஒரு நாளும் என்னிடம், "ஏன் கத்துதிய?" என்று கேட்கவில்லையே. எப்படிப் பொறுத்துக்கொண்டாய்?

ஆம்ப்ளிஃபயரையும் போட்டுப் பார்த்தேன். வெளிநாட்டு வயரைக் கழற்றிவிட்டு ஜெய்சன் முதலில் கொடுத்த சாதா வயரையே மாட்டினேன். பாடுகிறவள் சொல்லுகிற ஒவ்வொரு எழுத்தும் விளங்குகிறது. சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் ஜெய்சன். இரண்டு பாட்டு கேட்டுவிட்டு அணைத்துவிட்டேன், எனக்கு மனசு அதில் நிற்கவில்லை.

புதன்கிழமை காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். சட்டைகளை நானே எடுத்து வைத்துவிட்டேன். பிள்ளை பிறந்து, நீ கிளம்பு என்கிற வரைக்கும் அங்கேதான் இருப்பேன். மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் உள்ளே நுழைந்ததும் கோமதியோ மாப்பிள்ளையோ பேச வேண்டாம், டிவியும் வேண்டாம். முதலில் நீ பேசு. உனக்கு எப்படி வருமோ அப்படிப் பேசு, சத்தத்தைக் கூட்ட வேண்டாம். திட்டுவதாக இருந்தாலும் சரி.

உன்
சுந்தர்